இசை விமர்சனம் எழுதுகிறவன் பாப் குழுவில் சேரலாமா? சேர்ந்தவர்கள் யாராவது திரும்பி எழுத வந்திருக்கிறார்களா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) கேட்டது:

வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே பாட்டு கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள், மேடையில் வாசிக்கிறவர்களும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

பகலில் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி உட்கார்ந்து ஓர் இணைய இதழுக்குப் பாட்டு விமர்சனம், பேட்டி. சினிமாப் பாட்டு அதிகம் தொடுவதில்லை, தனியாக ஆல்பம் போடுகிறவர்கள், சின்னச் சின்னக் குழுக்கள், இவர்களைப் பற்றித்தான் எழுதுவேன். வருகிற பணம் கைச்செலவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் இந்த எழுத்தை நம்பிப் பாட்டு கேட்கிற வாசகர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்கள்தான் எனக்கு முக்கியம்.

போன வருடம் ஓசூர்ப் பையன்கள் நாலு பேர் நடத்துகிற குழுவின் பாட்டு ஒன்றைப் பற்றி எழுதினேன். சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துக்கொண்டு பாப் பாடுகிறார்கள். ஒருவன் வீட்டில் தெலுங்கு, இன்னொருவன் வீட்டில் கன்னடம், பாட்டு மட்டும் தமிழ், ஓசூரில் இது சகஜம். மெட்டும் சத்தமும் பிரமாதம், வரிகள்தான் நிலா, கனா, உலா என்று எங்கேயோ கேட்டதாகவே போய்க்கொண்டிருந்தது. அதை அப்படியே எழுதினேன். கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், போன மாதம் போன் வருகிறது: “குறை சொன்னீங்கல்ல அண்ணா, நீங்களே வந்து எழுதுங்க.” வரி எழுதுவது மட்டுமில்லை, குழுவில் ஒரு ஆளாகவே இருக்க வேண்டுமாம். இரண்டாவது கீபோர்டில் சின்னச் சின்ன பகுதிகள் வாசிக்க வேண்டும், அது எனக்கு ஓரளவு வரும். பெங்களூரில் சில நிகழ்ச்சிகள் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இதழாசிரியர் சொல்கிறார், குழுவில் இருக்கும் வரை விமர்சனம் எழுத வேண்டாம், அப்புறம் வந்தால் பார்க்கலாம் என்று. ‘பார்க்கலாம்’ என்பதுதான் உறுத்துகிறது. கொஞ்ச காலம் குழுவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொருவர் பாட்டைக் குறை சொன்னால் வாசகன் ஏற்பானா? உலகத்தில் எங்கேயாவது, யாராவது இப்படிப் போய்விட்டு வந்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


பழைய_கேசட் (தர்மபுரி) பதில்:

தம்பி, உங்கள் கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார், பால் மார்லி. இங்கிலாந்துக்காரர், 1957இல் பிறந்தவர், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். நான் தர்மபுரியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்த காலத்திலேயே அவர் சம்பந்தப்பட்ட கேசட்டுகள் பெங்களூர் வழியாக வந்தன, அவர்தான் அதன் பின்னால் இருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

1977இல் என்எம்இ என்ற இசை வாரப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். பத்திரிகை லண்டனில், எழுதியது மான்செஸ்டர் குழுக்களைப் பற்றி. ஜாய் டிவிஷனைத் தொடக்கத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர். எழுத்து நேராக இருக்காது, பாட்டைப் பற்றிச் சொல்ல வந்து தத்துவம், ஓவியம், தன் சொந்தக் கதை எல்லாம் உள்ளே வந்துவிடும். பிடித்தவர்களுக்கு அவர் தெய்வம், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். பகிள்ஸ் என்று ஒரு குழு இருந்தது, அதில் ட்ரெவர் ஹார்ன். மார்லி அந்தக் குழுவைப் பத்திரிகையில் நன்றாகவே சாடியிருந்தார். பின்னால் ஹார்ன் பாட்டுத் தயாரிப்பாளராகி, 1982இல் ஏபிசி என்ற குழுவுக்குச் செய்த ஆல்பத்தில் பெரிய ஆளாகிவிட்டார். 1983இல் ஹார்னும் அவர் மனைவி ஜில் சின்க்ளேரும் ஒரு ரெக்கார்ட் கம்பெனி ஆரம்பிக்கிறபோது கூப்பிட்டது யாரை? தன்னைத் திட்டிய இதே மார்லியை. உங்களுக்கு ஓசூரிலிருந்து வந்த போனும் அதே ரகம்தான். குறை சொன்னவனுக்குக் காது இருக்கிறது என்று தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள்.

கம்பெனிக்கு இசட்டிடி என்று பெயர் வைத்தவரே மார்லிதான், மரினெட்டி என்ற இத்தாலியக் கவிஞரின் ஒலிக்கவிதையிலிருந்து எடுத்தது. கம்பெனிக்குள்ளேயே ஒரு குழுவும் பிறந்தது, ஆர்ட் ஆஃப் நாய்ஸ். ஆன் டட்லி கீபோர்டும் இசையமைப்பும், ஜே. ஜே. ஜெக்ஸாலிக் ஃபேர்லைட் கணினி, கேரி லாங்கன் ஒலிப்பதிவு, மேலே ஹார்ன். ஐந்தாவது ஆள் மார்லி. அவர் எந்தக் கருவியும் வாசிக்கவில்லை. குழுவின் பெயர் அவருடையது, லூய்ஜி ருசோலோ 1913இல் எழுதிய சத்தங்களின் கலை என்ற அறிக்கையிலிருந்து எடுத்தார். ரெக்கார்டு உறையில் வரும் வாசகங்களை எழுதினார். குழுவினரின் முகத்தைக் காட்டாமல் முகமூடியோடு நிறுத்தியதிலும் அவர் பங்கு பெரியது.

சங்கீதம் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். ஃபேர்லைட் என்பது ஆஸ்திரேலியாவில் செய்த கருவி, எந்தச் சத்தத்தையும் துண்டாகப் பதிந்து கீபோர்டு கட்டையில் போட்டு வாசிக்கலாம். யெஸ் குழுவுக்காகப் பதிந்த டிரம்ஸ் சத்தத்தை அதில் ஏற்றி அதையே வெட்டித் தாளமாக்கினார்கள். கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம்கூட ஒரு பாட்டில் வரும். இன்றைக்குப் போனிலேயே செய்கிற வேலை, அன்றைக்கு ஒரு வீடு வாங்குகிற விலையில் இருந்தது அந்தப் பெட்டி.

1984இல் இதே கம்பெனியிலிருந்து ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் முதல் பாட்டை பிபிசி தடை செய்தது, தடை செய்த பிறகும் அது இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போய் 5 வாரம் நின்றது. அந்த விளம்பர வாசகங்கள், டி-ஷர்ட் எல்லாம் மார்லி கைவண்ணம். எழுத்துக்காரன் கையில் ஒரு குழுவைக் கொடுத்தால் என்ன செய்வான் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

ஆனால் 1985இல் டட்லி, ஜெக்ஸாலிக், லாங்கன் மூன்று பேரும் குழுவின் பெயரையும் எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கைவைத்து வாசித்தவர்கள் ஒரு பக்கம், யோசனை சொன்னவர்கள் ஒரு பக்கம். மார்லியின் பாப் குழு வாழ்க்கை அத்தோடு சரி, இரண்டு வருடம்தான். 1999இல் ஹார்ன், டட்லியோடு சேர்ந்து ஓர் ஆல்பத்துக்காகத் திரும்பி வந்தார், அது வேறு கதை.

அதன் பிறகு அவர் எழுத்தை விடவே இல்லை. புத்தகங்கள், தொலைக்காட்சி விவாதங்கள், 2015இல் பாடகி கிரேஸ் ஜோன்ஸின் சுயசரிதையை அவரோடு சேர்ந்து எழுதியது வரைக்கும் வரிசையாக வந்தது. வாசகர்கள் ஏற்றார்கள். ஏன் என்றால், என் கணிப்பு இது, குழுவில் இருந்தபோதும் அவர் எழுத்தாளராகவேதான் இருந்தார், வாத்தியக்காரர் வேஷம் போடவில்லை. அதனால் திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீங்கள் வரி எழுதத்தானே போகிறீர்கள், தைரியமாகப் போங்கள்.


ஏரிக்கரை (பாலக்கோடு) பதில்:

லண்டன் வரை போக வேண்டாம், நம்மிடமே பெரிய உதாரணம் உண்டு. கல்கி. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதியவர். பெரிய வித்வான்களையே தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதினார், கச்சேரியில் தமிழ்ப் பாட்டு ஏன் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார், தமிழிசை இயக்கத்துக்குப் பேனாவால் தோள் கொடுத்தார். அதே மனிதர்தான் 1945இல் வந்த மீரா படத்துக்காக ‘காற்றினிலே வரும் கீதம்’ எழுதினார். எஸ். வி. வெங்கட்ராமன் இசை, எம். எஸ். சுப்புலட்சுமி குரல். இன்றைக்கும் அதைக் கேட்டால் சினிமாப் பாட்டு என்ற நினைப்பே வராது.

தமிழ்ப் பாட்டு எங்கே என்று கேட்ட விமர்சகர், கேட்டதோடு நிற்காமல் ஒன்றை எழுதியும் கொடுத்தார். இதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவம்தான் கல்கி பத்திரிகையில் அவருடைய கூட்டாளி, 1941இல் சேர்ந்து தொடங்கினார்கள். ஆக பாடுகிறவரும், பாட்டு எழுதுகிறவரும், பத்திரிகை நடத்துகிறவரும் ஒரே குடும்பம் போல. அது ஊருக்கே தெரிந்திருந்தது, அதனால் எம்.எஸ்ஸைப் பற்றி அவர் எழுதியதை வாசகன் அதற்குத் தகுந்தபடி வாசித்தான். மறைத்திருந்தால்தான் வம்பு.

உங்களுக்கும் அதேதான் தம்பி. உங்கள் குழுவைப் பற்றி, அதோடு ஒரே மேடையில் ஏறுகிற குழுக்களைப் பற்றி, எப்போதும் எழுதாதீர்கள், வெளியே வந்த பிறகும்தான். மற்றதை எழுதும்போது கட்டுரைக்கு அடியில் ஒரு வரி, இன்ன குழுவில் இருந்தேன் என்று. ஆசிரியர் ‘பார்க்கலாம்’ என்று இழுக்கிறாரே, அவரிடம் இந்த ஏற்பாட்டை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் நிம்மதி.


மாந்தோப்பு:

இரண்டு பேருக்கும் நன்றி. கல்கியை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம். மார்லி ஸ்டுடியோவுக்குள் இருந்தார், கல்கி மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். நான் மேடையில் நிற்க வேண்டியிருக்குமே, அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.


ஐந்தரைக்_கட்டை (தர்மபுரி) பதில்:

நான் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன், பங்குனி சித்திரை வந்தால் மாவட்டம் முழுக்க மாரியம்மன் பண்டிகைகளில் எங்களைப் பார்க்கலாம். மேடையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதல் விஷயம், மேடையில் நமக்கு நம் பாட்டு கேட்காது. கீழே நிற்கிறவர்களுக்குப் பெரிய ஸ்பீக்கர், நமக்கு முன்னால் மானிட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று, அதிலும் சவுண்டு செட் தம்பி பாடகர் குரலைத்தான் வைத்திருப்பார். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும். கீபோர்டு என்ன வாசிக்கிறோம் என்பதை விரல்தான் சொல்லும், காது சொல்லாது. ஒரு தடவை பென்னாகரம் பக்கத்துக் கிராமம், பாடகி அன்றைக்குத் தொண்டை சரியில்லாமல் வந்திருந்தார், பல்லவி பாடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு விரலைக் கீழே காட்டினார். ரிதம் பேடுகாரர் ஏற்கெனவே தாளத்தை ஆரம்பித்துவிட்டார். நான் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு இறக்கி அறிமுக இசையை வாசித்தேன், புல்லாங்குழல்காரர் குழலை மாற்றி எடுத்து நடுவில் வந்து சேர்ந்துகொண்டார், பாட்டு விழாமல் நின்றது, கை தட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. விமர்சனம் எழுதியிருந்தால் ‘இன்று சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது’ என்று ஒரு வரி வந்திருக்கும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு விரலைப் பார்த்த ஒருவர் எழுதினால் அந்தப் பாடகிக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டும் சேர்ந்து வரும். அதற்காகவே நீங்கள் மேடை ஏற வேண்டும் என்கிறேன் நான். இசையைப் பற்றி எழுதுகிறவர்களில் மேடையின் இந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு, எங்களுக்கு அந்த ஆதங்கம் உண்டு.

இரண்டாவது, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், மேடையில் சும்மா நிற்க முடியாது. பெங்களூரில் பப் மேடையோ, நம் ஊர் மாங்கனி கண்காட்சி மேடையோ, ஆள் கணக்குக்கு ஒருவர் நின்றால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், உடன் வாசிக்கிறவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும், முதல் மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டாவது கீபோர்டு என்றால் அந்தப் பகுதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்கிற அளவுக்குப் பழகுங்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு மெதுவாக ஆரம்பியுங்கள். மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம், வேகம் தானாக வந்துவிடும்.

பணம், தூக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றி ஓசூர் வந்து, அங்கிருந்து காவேரிப்பட்டணம் போய்ச் சேர விடிந்துவிடும், காலையில் ஆலைக்குப் போக வேண்டும். மாம்பழ சீசனில் ஆலைக் கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அந்த மாதங்களில் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.


சந்திரசூடமலை (ஓசூர்) பதில்:

தம்பி, அக்கா ஒன்று சொல்லவா? பழைய கேசட் அண்ணா மார்லியைச் சொன்னார், அவர் திரும்பி வந்தவர். திரும்பி வராதவர்களையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீல் டெனன்ட் ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாப் பத்திரிகையில் துணை ஆசிரியர். 1981இல் லண்டனில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிறிஸ் லோவைச் சந்தித்து இரண்டு பேருமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். 1983இல் ‘போலீஸ்’ என்ற ராக் குழுவைப் பேட்டி எடுக்கப் பத்திரிகை அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. போன இடத்தில் தனக்குப் பிடித்த தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவைத் தேடிப் போய்ப் பார்த்தார், பாட்டுப் பதிவுக்கு வழி பிறந்தது. ஆனால் உடனே வேலையை விடவில்லை, கவனியுங்கள். முதல் பாட்டு 1984இல் வந்து இங்கிலாந்தில் பெரிதாக எடுபடவில்லை, அவர் பத்திரிகையிலேயே இருந்தார். 1985இல் பெரிய கம்பெனி ஒப்பந்தம் வந்த பிறகுதான் விட்டார். அதே பாட்டைப் புதிதாகப் பதிந்து 1986இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். இவர்கள் இருவரின் குழுதான் பெட் ஷாப் பாய்ஸ், இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கிரிஸி ஹைண்டும் அப்படித்தான், அமெரிக்காவின் அக்ரன் நகரத்திலிருந்து 1973இல் லண்டன் வந்து என்எம்இயில் கொஞ்ச காலம் எழுதினார், 1978இல் பிரிடெண்டர்ஸ் குழு, அதோடு பத்திரிகை எழுத்து போச்சு.

இரண்டையும் விடாதவரும் இருக்கிறார். பாப் ஸ்டான்லி, இசைப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே 1990இல் செயின்ட் எட்டியென் குழுவைத் தொடங்கியவர், குழுவும் நடந்தது, பாப் இசையின் வரலாற்றைப் பெரிய புத்தகமாகவும் எழுதினார். அவரிடம் கவனிக்க வேண்டியது, குழு தொடங்கிய பிறகு அவர் எழுத்து பழைய இசை, வரலாறு என்று நகர்ந்தது. இறந்தகாலத்தைப் பற்றி எழுதும்போது யாரும் உங்களைப் போட்டியாளராகப் பார்க்க மாட்டார்கள். குழுவில் இருக்கும் வரை நீங்களும் அதைச் செய்யலாமே. நம் மாவட்டங்களில் தெருக்கூத்து ஆசிரியர்கள், பம்பைக்காரர்கள், பழைய மெல்லிசைக் குழுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒருவரைப் பற்றியாவது ஒழுங்கான கட்டுரை வந்திருக்கிறதா? கூத்தில் ஆர்மோனியமும் முகவீணையும் வாசிக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேட்டி எடுங்கள். விமர்சனம்தானே எழுதக்கூடாது, எழுதவே கூடாது என்று ஆசிரியர் சொல்லவில்லையே.


மாந்தோப்பு:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே ஆசிரியரிடம் கேட்கிறேன். ஏறக்குறைய சேருவதாக முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று. பாட்டெல்லாம் குழுவின் பெயரில்தான் வெளியிடுவோம், தனித்தனிப் பெயர் வேண்டாம், நாமெல்லாம் ஒன்றுதானே என்கிறார்கள் பையன்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரியா?


பழைய_கேசட் (தர்மபுரி):

சரியில்லை தம்பி. அவர்கள் நல்ல பையன்களாகவே இருக்கட்டும், எழுதி வைத்துக்கொண்டால் நட்பு கெடாது, எழுதாமல் விட்டால்தான் கெடும். மேலே நான் சொன்ன அதே இசட்டிடி கம்பெனியோடு ஃபிராங்கி குழுவின் பாடகர் ஹாலி ஜான்சன் லண்டனில் வழக்காட வேண்டி வந்தது. ஒப்பந்தம் அவர் தொழிலையே முடக்குகிற மாதிரி ஒருதலைப்பட்சமாக இருந்தது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அத்தனை வெற்றிக்கு அப்புறமும் அந்தக் குழு சிதறித்தான் போயிற்று.

நம் சட்டத்தில் ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. வரி தனி, மெட்டு தனி, பதிவு செய்த ஒலி தனி. வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் 2012இல் வந்த பதிப்புரிமைத் திருத்தம் ராயல்டியில் பங்கைப் பாதுகாக்கிறது, அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஆனால் வரி யாருடையது என்று எங்கேயும் பதியாமல் விட்டால் சட்டம் யாருக்கென்று பாதுகாக்கும்? ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் பாடலாசிரியராகச் சேருங்கள், இசையமைக்கிற பையனையும் சேரச் சொல்லுங்கள். பாட்டை வெளியிடும்போது வரி இன்னார், இசை இன்னார் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் விவரம் கொடுங்கள், குழுவின் பெயர் மேலே பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பழைய பாட்டுகளை மேடையில் யார் பாடலாம், நிகழ்ச்சிப் பணம் எப்படிப் பிரிப்பது, இதையெல்லாம் ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டைப் பதிவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு இதைப் பேச யாருக்கும் வாய் வராது.